அப்பா திவால், மகளுக்குப் பல்கலைக்கழகம்: சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்த செய்தி வரும் நாளில், சில வீடுகளில் பாயசத்துக்கு முன்னால் ஒரு பழைய உறை வெளியே வரும். சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்த பழுப்பு உறை. உள்ளே உயர்நீதிமன்ற முத்திரை, வழக்கு எண், மலாய் மொழியில் இரண்டு பக்கம். எப்போதோ லாரிக்கு வாங்கிய கடனில் அப்பா திவாலானதைச் சொல்லும் தாள். "அப்பா பெயர் கணினியில் இருக்கிறதே, எனக்குப் படிப்புக் கடன் கிடைக்குமா?" என்று மகள் கேட்பாள். கிடைக்காது என்று அண்டை வீட்டுக்காரர் சொல்வார். யாரோ ஒருவருக்குக் கிடைக்கவில்லை என்று அவர் கேள்விப்பட்டிருப்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பி இடத்தை விட்டுவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போகிற பிள்ளைகள் உண்டு.

இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பெற்றோர் திவாலானால் பிள்ளை படிக்கலாமா, உதவி பெறலாமா என்பது ஒன்று. திவாலானவரே படிக்க நினைத்தால் என்ன ஆகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் எளிது. ஊரில்தான் அதைச் சிக்கலாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டாவதில் சிக்கல் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அது வகுப்பறையில் இல்லை, வங்கிக் கணக்கில் இருக்கிறது.

திவால் என்பது எது?

மலாய்க்காரர்கள் 'முஃப்லிஸ்' என்றும் 'பங்க்ராப்' என்றும் சொல்வதை நாம் திவால் என்கிறோம். இதை ஆளும் சட்டம் 1967ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம். 2017 அக்டோபர் 6 வரை அதன் பெயரே திவால் சட்டம்தான். கடன் கொடுத்தவரோ கடன்பட்டவரோ உயர்நீதிமன்றத்தில் மனுப் போட்டு, நீதிமன்றம் திவால் உத்தரவு பிறப்பித்தால் மட்டுமே ஒருவர் திவாலானவர். அந்த நாளிலிருந்து அவருடைய சொத்துகளின் பொறுப்பு திவால் இலாகாவின் தலைமை இயக்குநர் கைக்குப் போகிறது.

இந்த வரையறையை மனதில் வைத்துக்கொண்டால் ஊரில் 'பெயர் கெட்டுவிட்டது' என்று ஒரே பேச்சில் சொல்லப்படும் பல நிலைமைகள் தனித்தனியாகப் பிரியும்.

1. சிசிரிஸ் என்பது பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் பதிவேடு. அதில் தவணை பாக்கி தெரிந்தால் வங்கி தயங்கும். அது திவால் ஆகாது.

2. சிடோஸ் ஒரு தனியார் கடன் தகவல் நிறுவனம். அதில் வழக்கு விவரம் வரலாம். வழக்கு இருப்பதும் திவாலாவதும் வேறு வேறு.

3. பிடிபிடிஎன், அதாவது தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் கொடுத்த கடனில் பாக்கி விழுவது மூன்றாவது நிலைமை. அப்படிப் பாக்கி வைத்தவர்களுக்கு முன்பு வெளிநாட்டுப் பயணத் தடை இருந்தது. 2018இல் அது நீக்கப்பட்டது. அந்தத் தடையை அனுபவித்த பலர் தாங்கள் திவாலானதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

4. ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் வாங்கி ஓடி ஒளிவது. அதற்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே உறை கையில் இல்லாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது, திவால் இலாகாவின் பதிவேட்டில் அடையாள அட்டை எண்ணைத் தேடச் சொல்வது. இணையத்திலும் அந்தத் தேடல் வசதி உண்டு. உறை இல்லை என்பதால் உத்தரவும் இல்லை என்று அர்த்தமில்லை. தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பம் தாமான் வீட்டுக்கு மாறிய பிறகும் கடன் தாள்களில் பழைய தோட்ட முகவரியே இருந்தது. ஆளை நேரில் காண முடியாதபோது பத்திரிகையில் விளம்பரம் போட்டு அறிவிப்பைச் 'சேர்த்துவிட்டதாக' நீதிமன்றம் ஏற்கும் வழி ஒன்று உண்டு. மலாய் அல்லது ஆங்கிலப் பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்த பெயரைப் பால்மரம் சீவப் போனவர் எங்கே பார்ப்பார்? 2017 திருத்தம் இதை இறுக்கியது. திவால் அறிவிப்பை நேரில் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே தப்பித்துத் திரிகிறார் என்று நீதிமன்றம் நம்பினால்தான் மாற்று வழி. அதற்கு முன்னால் திவாலானவர்களில், தாங்கள் திவாலானது தெரியாமலே ஆண்டுகளைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு கடனுக்கு?

ஒருவரைத் திவாலாக்கக் கேட்கத் தேவையான குறைந்தபட்சக் கடன் படிப்படியாக ஏறியிருக்கிறது. 2017க்கு முன் 30,000 ரிங்கிட். 2017 அக்டோபரிலிருந்து 50,000. கோவிட் காலத்தில் தற்காலிகமாக 100,000 ஆக்கி, 2021 செப்டம்பர் 1 முதல் அதையே நிரந்தரமாக்கினார்கள்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. முதலாவது, வரம்பு ஏறியதால் பழைய உத்தரவுகள் தாமாகவே அழிந்துவிடவில்லை. 30,000 வெள்ளி (ரிங்கிட்) கடனுக்காக அன்று திவாலானவர், விடுவிப்பு வாங்காதவரை இன்றும் திவாலானவர்தான். இரண்டாவது, அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்புக்கு எடுத்த பிடிபிடிஎன் கடன் தனியாக 1 லட்சம் வெள்ளியைத் தொடுவது அரிது. 'படிப்புக்குக் கடன் வாங்கினால் திவாலாக்கிவிடுவார்கள்' என்று பயந்து விண்ணப்பமே போடாத குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்ல வேண்டும். தனியார் கல்லூரியில் மருத்துவம் போன்ற படிப்பு என்றால் தொகையின் அளவு வேறு. அங்கே இந்த ஆறுதல் செல்லாது.

பெற்றோர் திவால், பிள்ளை மாணவர்

திவால் ஆளுக்கு வருவது. குடும்பத்துக்கு வருவதில்லை. சாதிச் சான்றிதழ் மாதிரி அது தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்காது. இதை விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பொருத்திப் பார்க்கலாம்.

1. *இடம்.* அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுச் சேர்க்கை அமைப்பான யுபியு வழியாகச் செய்யும் விண்ணப்பம் எஸ்டிபிஎம் (மேல்நிலைப் பள்ளித் தேர்வு), மெட்ரிகுலேஷன், டிப்ளோமா மதிப்பெண்களைப் பார்க்கிறது. அப்பாவின் கடன் அங்கே எடைபோடப்படுவதில்லை.

2. *கடன்.* பிடிபிடிஎன் கடன் மாணவரின் பெயரில், மாணவரின் கையெழுத்தில் எழுதப்படும் ஒப்பந்தம். திருப்பிக் கட்ட வேண்டியவரும் அவரே. மலேசியாவில் 18 வயதில் ஒருவர் சட்டப்படி பெரியவர் ஆகிறார். அதற்கும் கீழே இருப்பவர் எழுதிய கல்வி உதவி ஒப்பந்தத்தை வயதைக் காட்டித் தள்ள முடியாது என்று 1976ஆம் ஆண்டு ஒப்பந்தத் திருத்தச் சட்டம் சொல்கிறது.

3. *வருமானம்.* எவ்வளவு கடன் கிடைக்கும் என்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. திவாலான அப்பாவின் சம்பளமும் வருமானமே. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, மறைக்கவும் கூடாது. சம்பளம் குறைவாக இருந்தால் கிடைக்கும் தொகை கூடுமே தவிரக் குறையாது.

4. *ஜாமீன்.* மேலே சொன்ன எதிலும் அப்பாவின் திவால் குறுக்கே வரவில்லை. இங்கே வருகிறது. கொடுக்கும் அமைப்பு ஜாமீன்தாரர் கேட்டால், திவாலான அப்பாவின் கையெழுத்து அதற்குப் பயன்படாது. ஏற்கெனவே கடன் அடைக்க முடியாதவர் என்று நீதிமன்றமே சொன்ன ஒருவரை எந்த நிறுவனமும் ஜாமீனாக ஏற்காது. அம்மா, அண்ணன், மாமா என்று வேறு ஒருவரைத்தான் தேட வேண்டும்.

ஜாமீன் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தோட்டப் பட்டணங்களில் கல்வி நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

"மாமா, ஒரு கையெழுத்து"

மாமா தயங்குவார். அவர் தயங்குவதற்கு வரலாறு இருக்கிறது. நண்பன் காருக்கு, பங்காளியின் வீட்டுக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, நண்பன் காணாமல் போனதும் தான் திவாலான ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். ஒரு கையெழுத்து, அதற்குப் பதிலாக ஒரு ரொட்டி சானாய் காலைப் பசியாறல். அவ்வளவு லாபத்துக்கு வாழ்க்கையையே அடகு வைத்தவர்கள் அவர்கள்.

2017 திருத்தம் இந்த ஆட்களுக்கு ஒரு பெயர் வைத்தது: 'சமூக ஜாமீன்தாரர்'. லாப நோக்கம் இல்லாமல் மூன்று வகைக் காரியங்களுக்கு ஜாமீன் நிற்பவர் இந்தப் பெயருக்குள் வருகிறார்.

1. கல்வி அல்லது ஆய்வுக்கான கடன், உபகாரச் சம்பளம், மானியம்.

2. சொந்தப் பயனுக்கான, வியாபாரத்துக்கு அல்லாத வாகனத்தின் தவணைக் கொள்முதல்.

3. தாமே குடியிருப்பதற்கான வீட்டுக் கடன்.

சமூக ஜாமீன்தாரர் மீது கடன் கொடுத்தவர் திவால் நடவடிக்கை எடுக்கவே முடியாது. மருமகளின் படிப்புக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் மாமா பட்டியலின் முதல் வரியிலேயே நிற்கிறார். லாரி போன்ற தொழில் வாகனத்துக்கு ஜாமீன் நின்றவருக்கு இந்தக் கவசம் இல்லை. அவர் மீது நடவடிக்கை எடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற மெல்லிய திரை மட்டுமே உண்டு.

மாமாவிடம் பாதியை மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை. திவாலாக்க முடியாது என்றால் கேட்கவே முடியாது என்று பொருள் இல்லை. மாணவர் கட்டாமல் விட்டால் கடன் கொடுத்தவர் ஜாமீன்தாரர் மீது சாதாரண சிவில் வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம், அந்தத் தீர்ப்பைச் சொத்தின் மீது நிறைவேற்றவும் முயலலாம். நீங்கிய ஆபத்து திவால் என்ற ஒன்றுதான். என் பார்வையில் அதுவே பெரிய நிம்மதி. ஆனால் முழு நிம்மதி என்று விற்கக் கூடாது.

அப்பாவின் பணத்தை மகள் தொடலாமா?

திவாலானவரின் சொத்து, உத்தரவு நாளில் இருந்ததும் விடுவிப்புக்கு முன் வந்து சேர்வதும், கடன்காரர்களுக்கு, அதாவது கடன் கொடுத்தவர்களுக்கு, பங்கிடப்பட வேண்டியது. வீட்டில் அவருடைய பாதிப் பங்கை விற்றுக் கல்லூரிக் கட்டணம் கட்ட அவரால் முடியாது. திவால் நெருங்குவது தெரிந்து, 'மகள் படிப்புக்காக' என்று வீட்டை அவள் பெயருக்கு மாற்றினாலும் நிலைக்காது. இலவசமாகக் கொடுத்து 2 ஆண்டுக்குள் திவாலானால் அந்த மாற்றம் செல்லாது. அதைத் தாண்டியும் 5 ஆண்டு வரை கேள்விக்குள்ளாகும்.

ஊழியர் சேமநிதி இதற்கு முக்கிய விதிவிலக்கு. 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, உறுப்பினர் கணக்கில் நிற்கும் பணத்தைக் கடன்காரர்கள் கைப்பற்ற முடியாது, திவால் இலாகாவும் கோர முடியாது என்கிறது. இருபது முப்பது ஆண்டு தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்தவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பணம் பெரும்பாலும் இதுவே. 2024 மே 11 முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கும் பணம் நல்வாழ்வுக் கணக்கிலிருந்து, மலாய் பெயரில் சொன்னால் அக்கவுன் செஜாத்ராவிலிருந்து வரும். திவாலானவர் என்பதால் அந்தப் பணம் அவருடையது இல்லை என்றாகிவிடவில்லை. ஆனால் சேமநிதிக்குள் இருக்கும்போது உள்ள பாதுகாப்பு, அது அப்பாவின் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த பிறகும் அப்படியே தொடரும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. எடுப்பதற்கு முன்பே திவால் இலாகா அதிகாரிக்கு எழுதிவிட்டு, என்ன கட்டணத்துக்கு என்பதற்கான கல்லூரித் தாளையும் இணைப்பது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம், சின்னது என்பதாலேயே எல்லோரும் தடுக்கி விழுவது. மகளுக்கு வரும் கடனோ உபகாரச் சம்பளமோ அவள் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அப்பாவும் மகளும் சேர்ந்து வைத்த கூட்டுக் கணக்கு வேண்டாம். 'அப்பா கார்டில் போட்டுவிடு, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்' என்பதும் வேண்டாம். அந்தக் கணக்கு முடக்கத்தில் இருந்தால் மகளின் பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். தன்னுடையது என்று நிரூபிக்க அவள் ஒரு பருவத்தையே தொலைக்க நேரிடும்.

திவாலானவரே படிக்க நினைத்தால்

முப்பத்தெட்டு வயதில் ஒருவர். பதினேழு வயதில் படிப்பை விட்டவர், பின்னர் சிறு குத்தகை எடுத்து நொடித்தவர், இப்போது பாதுகாப்புக் காவலர் அல்லது தொழிற்சாலை மேற்பார்வையாளர். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்தால் வேலையில் ஏற்றம் கிடைக்கும் என்று எண்ணுகிறார். எஸ்டிபிஎம் இல்லாதவருக்கும் வேலை அனுபவத்தை மதிப்பிட்டு நுழைவு தரும் ஏப்பல் என்ற வழி இந்நாட்டில் உண்டு; தகுதி மதிப்பீட்டு நிறுவனமான எம்கியூஏயின் ஏற்பாடு அது.

அவர் படிக்கக் கூடாது என்று நொடிப்புச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. சட்டம் பிடித்து வைப்பது கடன், பணம், பயணம், வியாபாரம் ஆகிய நான்கையும். படிப்பு இந்த நான்கையும் உரசும் இடங்களில்தான் அனுமதி தேவைப்படுகிறது.

1. *கடனை மறைக்கக் கூடாது.* விடுவிக்கப்படாத திவாலானவர் 1,000 ரிங்கிட்டோ அதற்கு மேலோ கடன் பெறும்போது தம் நிலையைச் சொல்லாமல் பெற்றால் அது குற்றம். படிப்புக் கடன் மட்டுமே கடன் என்று நினைக்க வேண்டாம். கட்டணத்தைப் பிறகு கட்டுகிறேன் என்று கல்லூரியிடம் வாங்கும் தவணையும், கடையில் மாதத் தவணைக்கு எடுக்கும் மடிக்கணினியும் இதே வரிக்குள் வரக்கூடியவை. விண்ணப்பப் படிவத்தில் திவால் பற்றிய கேள்வி இல்லாவிட்டாலும் தனிக் கடிதமாகச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு கொடுப்பதா வேண்டாமா என்பது கொடுப்பவர் முடிவு. பிடிபிடிஎன் கடனுக்கு விண்ணப்ப நாளில் 45 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்ற வரம்பும் உண்டு. விடுவிப்புக்காகக் காத்திருந்து பிறகு படிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் காலண்டரில் குறித்துக்கொள்ளட்டும்.

2. *வங்கிக் கணக்கு.* திவால் உத்தரவு வந்ததும் வங்கிகள் கணக்கை முடக்கிவிடுவது வழக்கம். சம்பளம் எடுப்பதற்கே திவால் இலாகாவின் கடிதம் வேண்டியிருக்கும். கல்வி உதவி எந்தப் பெயரில் வந்தாலும் அது இறங்க ஒரு கணக்கு வேண்டும். முதலில் இந்த அனுமதி, பிறகுதான் கடன் விண்ணப்பம். ஆட்கள் வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, ஒப்புதல் வந்த பணத்தை எடுக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

3. *உபகாரச் சம்பளம்.* இது கடன் இல்லை என்பதால் முதல் விதி உரசாது. ஆனால் கைக்கு வரும் பணம் எதுவும் கணக்கில் வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தம் கைக்கு வந்த பணம், சொத்து எல்லாவற்றையும் தலைமை இயக்குநருக்குக் கணக்குக் கொடுப்பது திவாலானவரின் கடமை. கட்டணத்தை உதவி அமைப்போ உறவினரோ நேராகப் பல்கலைக்கழகத்துக்கே கட்டிவிட்டால் குழப்பம் குறைவு. பணம் திவாலானவரின் கை வழியாகப் போகாது, ரசீதும் சுத்தமாக இருக்கும்.

4. *வேலையை விடுவது.* முழுநேரம் படிக்க வேலையை விட்டால் மாதாமாதம் இலாகாவுக்குக் கட்டும் தொகை நின்றுபோகும். முன்கூட்டியே எழுதித் தொகையை மாற்றக் கேட்க வேண்டும். சொல்லாமல் நிறுத்தினால் அது ஒத்துழையாமை என்று பதிவாகும், பின்னர் விடுவிப்புக் கேட்கும் நாளில் எதிரே வந்து நிற்கும். பகுதிநேரப் படிப்பே இவருக்குப் பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு இது முக்கியக் காரணம்.

5. *வெளிநாடு.* தலைமை இயக்குநர் அல்லது நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேற முடியாது. கடைசி ஆண்டு வெளிநாட்டில் என்று அமைந்த படிப்புகளில் சேர்வதற்கு முன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

6. *பக்கத் தொழில்.* படிப்புச் செலவுக்காக இணையத்தில் துணி விற்பதும், மனைவியோடு சேர்ந்து உணவுக் கடை போடுவதும் 'வியாபாரம்' என்ற சொல்லுக்குள் வரும். அதற்கும் அனுமதி வேண்டும்.

படித்து முடித்தால் வேலை?

எந்தப் படிப்பு என்பதைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்ப்பது நல்லது. வழக்கறிஞர் தொழிலில் சேரவும் நீடிக்கவும் திவால் ஒரு தடை. நிறுவன இயக்குநராக இருக்க அனுமதி வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கக் கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 48ஆம் பிரிவு சொல்கிறது; நம் மாணவருக்கு அது இப்போதைக்குக் கவலை இல்லை. மற்ற பெரும்பாலான சம்பள வேலைகளுக்குச் சட்டத் தடை கிடையாது. வங்கி, நிதி நிறுவனம் போன்ற இடங்களில் முதலாளிகளே விசாரிப்பார்கள்.

இணையத்தில் கிடைக்கும் பதில்கள் ஏன் பொருந்துவதில்லை?

இந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் தேடினால் முதலில் வருவது பிரிட்டன். அங்கே இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் திவால் பெரும்பாலும் 12 மாதத்தில் முடிந்துவிடும். மாணவர் கடன் திவாலுக்கு வெளியே வைக்கப்பட்டது: திவாலானாலும் அந்தக் கடன் ஒழியாது, அதே நேரம் படிக்கும்போது வரும் மாணவர் கடனைக் கடன்காரர்களும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவில் திவாலில் மாணவர் கடனைக் கழிக்க வேண்டுமானால் தாங்க முடியாத கஷ்டத்தை நீதிமன்றத்தில் தனியாக நிரூபிக்க வேண்டும். தமிழில் தேடினாலோ இந்திய வங்கிகளின் கல்விக்கடன் விதிகள் வந்து நிற்கும்.

மலேசியச் சட்டம் படிப்புக் கடனுக்கு அப்படித் தனி அறை கட்டவில்லை. பழைய பிடிபிடிஎன் பாக்கி உள்ளவர் திவாலானால் பிடிபிடிஎன்னும் மற்றக் கடன்காரர்களைப் போலத் தன் கடனை இலாகாவிடம் பதிவு செய்யலாம். லண்டன் மாணவருக்குச் சொன்ன ஆறுதலையும் பயமுறுத்தலையும் சுங்கை சிப்புட்டுக்கு இறக்குமதி செய்ய வேண்டாம்.

வெளியே வரும் வழிகள்

படிப்பு மூன்று நான்கு ஆண்டு நீளும். விடுவிப்பும் அதே காலத்துக்குள் அமையக்கூடும் என்பதால் இரண்டையும் ஒன்றாகத் திட்டமிடலாம்.

1. 2017 திருத்தத்துக்குப் பிறகு திவாலானவர், தம் நிதிநிலை விவரத்தை இலாகாவிடம் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டு முடிந்து, நிர்ணயிக்கப்பட்ட பங்களிப்பையும் கட்டி, கணக்கும் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் தானாக விடுவிப்புப் பெறும் வழி உண்டு. உத்தரவு நாளிலிருந்து கணக்கு ஓடாது. விவரம் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடும். உறையைப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு ஈப்போ பக்கமே போகாதவருக்கு அந்த மூன்றாண்டு தொடங்கவே இல்லை. பங்களிப்பை நிர்ணயிக்கும்போது வருமானத்தோடு குடும்பத்தைப் பராமரிக்க ஆகும் செலவையும் பார்க்கிறார்கள். மகளின் பேருந்துச் செலவு, விடுதிக் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளை அங்கே காட்ட வேண்டும்.

2. பழைய வழக்குகளில் 5 ஆண்டு கடந்தபின் தலைமை இயக்குநரின் சான்றிதழால் விடுவிப்புக் கேட்கலாம்.

3. சமூக ஜாமீன்தாரராக இருந்து முன்பு திவாலானவர், பதிவு செய்யப்பட்ட மாற்றுத்திறனாளி, கடும் நோயாளி ஆகியோரை விடுவிக்கும்போது கடன்காரர் ஆட்சேபிக்க முடியாது. 2023 அக்டோபர் 6 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், இலாகாவுக்கு இனிப் பங்களிக்க இயலாத 70 வயதை எட்டியவர்களையும் இந்த வரிசையில் சேர்த்தது. தாத்தா பெயரில் கிடக்கும் பழைய திவாலுக்கு இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

4. 2023 பட்ஜெட்டில் 50,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட கடன்களுக்காகத் திவாலானவர்களை நிபந்தனையோடு விடுவிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பலரின் பெயர் அதில் நீங்கியிருக்கக்கூடும். தேடிப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது.

இன்னும் திவாலாகாமல், கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருப்பவர்கள் ஏகேபிகேக்குப் போகலாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. கட்டணம் வாங்குவதில்லை, வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றிக் கொடுக்கிறது. திவால் அறிவிப்பு கைக்கு வந்துவிட்டால் 7 நாளுக்குள் பதில் நடவடிக்கை எடுக்க வேண்டும். உத்தரவுக்கு முன் கடன்காரர்களுக்குத் திட்டம் ஒன்றை முன்வைக்கும் 'விருப்ப ஏற்பாடு' என்ற வழியும் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது.

ஈப்போவுக்குப் போகும்போது

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். திவால் இலாகாவின் கிளையும் பிடிபிடிஎன் அலுவலகமும் உயர்நீதிமன்றமும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறவர் இரண்டாவது முறை போக நேராமல் இருக்க வேண்டும். அடையாள அட்டை, அந்தப் பழுப்பு உறையில் உள்ள தாள்களின் நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பல்கலைக்கழகத்தின் இடக் கடிதம், கட்டண விவரம் ஆகியவை பையில் இருக்கட்டும். கோரிக்கையை மலாய் மொழியில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, மேலே திவால் வழக்கு எண்ணைப் போட வேண்டும். பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பேராக்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

கடிதத்தை இரண்டு படியாகக் கொண்டுபோய், வீட்டுக்குத் திரும்பும் படியில் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்ற முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாக "சரி, போங்கள்" என்று சொன்ன அதிகாரி ஆறு மாதத்தில் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகியிருப்பார். முத்திரை போட்ட தாள் கோப்பில் இருக்கும். இடத்தை ஏற்றுக்கொள்ளக் கெடு ஓடிக்கொண்டிருந்தால் மகள் முதலில் இணையத்தில் அதை ஏற்றுக்கொண்டுவிடட்டும். அதற்கு அப்பாவின் வழக்கு எண் தேவையில்லை.